13-க்கும் 14-க்கும் நடுவே ஒரு புல்லட்

போன வருஷம் செமஸ்டர் லீவில் ஒரு நட்டோடு நான்கு நாள் மல்லுக்கட்டினேன். மிகைப்படுத்தவில்லை, முழுசாக நான்கு நாள். 13-ஆம் நம்பர் ஸ்பேனர் அதில் நுழையவே நுழையாது. 14-ஐப் போட்டால் நுழையும், ஆனால் ஆடும். ஆடினால் ஆடட்டும் என்று திருப்பினால் வழுக்கும். கோபம் வந்து அழுத்தித் திருப்பினால் நட்டின் மூலையெல்லாம் மழுங்கி வட்டமாகிவிடும். இப்படி மூன்று நட்டுகளை வட்டமாக்கிய பிறகுதான் எனக்கு ஒரு உண்மை தெரிந்தது. தப்பு என் கையில் இல்லை. 1841-ல் இருக்கிறது.

குழப்புகிறேனா? சரி, வண்டியிலிருந்து ஆரம்பிக்கிறேன்.

என் தாத்தாவின் புல்லட் 1973-ஆம் வருஷத்து 350 சிசி. அவர் முதல் ஓனர் இல்லை. ரிட்டயர் ஆன ஒரு போலீஸ்காரரிடமிருந்து 1979-ல் வாங்கியது. மன்னார்குடி பக்கத்தில் எங்கள் கிராமம். வயலுக்கு, சொசைட்டிக்கு, கல்யாணத்துக்கு, காதுகுத்துக்கு என்று எல்லாவற்றுக்கும் அந்த வண்டிதான். 2001-ல் தாத்தாவுக்கு முட்டி போய்விட்டது, கிக்கரை உதைக்க முடியவில்லை. மாட்டுக்கொட்டகையில் ஓரமாக நிறுத்தி மேலே சாக்கைப் போட்டு மூடினார். 2016-ல் அவரும் போய்ச் சேர்ந்தார். 2018 கஜா புயலில் கொட்டகையின் கூரை போனது. அதற்கப்புறம் பெய்த மழையெல்லாம் நேராக வண்டி மேல்தான்.

அப்பா அதை எடைக்குப் போட முடிவு செய்துவிட்டார். பழைய இரும்புக்காரர் வந்து சுற்றிப் பார்த்து விலையும் சொல்லிவிட்டார். நான் கெஞ்சிக் கூத்தாடி அவகாசம் வாங்கினேன். "ஒரு வருஷம். அதுக்குள்ள ஓடணும். இல்லேன்னா காயலான் கடை" என்றார் அப்பா. என் மேல் அவருக்கு எவ்வளவு நம்பிக்கை என்பது அந்த மூன்று வாக்கியத்திலேயே தெரிந்தது :-)

முதல் பிரச்சினை பிஸ்டன். கார்புரேட்டர் வழியாக மழைத்தண்ணீர் இறங்கி, பிஸ்டன் ரிங்கும் சிலிண்டரும் துருவால் ஒட்டிக்கொண்டுவிட்டன. கிக்கர் மேல் ஏறி நின்றாலும் அசையவில்லை. ஊரில் புல்லட்டுக்கென்றே ஒரு பாய் இருக்கிறார். அவர் வந்து பார்த்துவிட்டு, ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, அந்த ஓட்டை வழியாக டீசலும் ஆயிலும் கலந்து ஊற்றினார். "தம்பி, தினம் சாயங்காலம் கொஞ்சம் ஊத்துங்க. கிக்கரைக் கையால மட்டும் அழுத்திப் பாருங்க. வரலேன்னா விட்டுடுங்க. சுத்தியை எடுத்தீங்க, என்னைக் கூப்பிடாதீங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

பதினெட்டு நாள் ஊற்றினேன். பதினெட்டு நாளும் கையால் அழுத்தினேன். பத்தொன்பதாம் நாள் ஒரு நூல் அளவு அசைந்தது. வீட்டில் எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டினேன், யாருக்கும் எதுவும் தெரியவில்லை. எனக்கு மட்டும் அது தெரிந்தது.

அடுத்ததாக இன்ஜினைக் கழற்ற உட்கார்ந்தபோதுதான் அந்த நட்டு கதை. என்னிடம் இருந்தது கல்லூரி ஹாஸ்டல் நண்பனிடம் கடன் வாங்கிய மில்லிமீட்டர் ஸ்பேனர் செட். மூன்று நட்டை நான் நாசம் செய்த பிறகு பாய் தன் பெட்டியிலிருந்து கறுத்துப்போன ஒரு ஸ்பேனரை எடுத்துப் போட்டார். டக் என்று உட்கார்ந்தது. அரைச் சுற்றில் நட்டு கழன்றது. அதன் மேல் கால் என்ற பின்னமும், பக்கத்தில் ஆங்கில டபிள்யூ எழுத்தும் பொறித்திருந்தன. வாயை அளந்து பார்த்தேன், கால் அங்குலம் இல்லை. அரை அங்குலத்துக்கும் கொஞ்சம் அதிகம். 0.525 அங்குலம், அதாவது 13.3 மில்லிமீட்டர் சொச்சம். 13 ஏன் நுழையவில்லை, 14 ஏன் வழுக்கியது என்பதற்கு விடை கிடைத்தது. ஆனால் கால் என்று எழுதிவிட்டு 0.525 வைப்பானேன்?

இங்கேதான் ஜோசஃப் விட்வர்த் வருகிறார். மான்செஸ்டரில் மெஷின் செய்தவர். அவர் காலத்தில் இங்கிலாந்தில் ஒவ்வொரு பட்டறையும் தனக்கென்று ஒரு மரை வெட்டிக்கொண்டிருந்தது. ஒரு பட்டறை போல்ட்டுக்கு இன்னொரு பட்டறை நட்டு சேராது. விட்வர்த் பல பட்டறைகளிலிருந்து போல்ட்டுகளைச் சேகரித்து, அளந்து, ஏறக்குறைய ஒரு சராசரி எடுத்து, 1841-ல் ஒரு பொது அளவை முன்வைத்தார். மரையின் கோணம் 55 டிகிரி. போல்ட் எவ்வளவு தடிமனோ அதற்கேற்ப அங்குலத்துக்கு இத்தனை சுற்று. உலகத்தில் ஒரு நாடு முழுக்கப் பரவிய முதல் மரை அளவு இதுதான். அந்த ஸ்பேனரில் இருக்கும் எண் வாயின் அகலம் இல்லை, அது கழற்றும் போல்ட்டின் தடிமன். இரண்டாம் உலகப்போரில் இரும்பை மிச்சம் பிடிக்க நட்டின் தலையை ஒரு சைஸ் குறைத்தார்கள். ஒரே ஸ்பேனரில் இரண்டு எண்கள் பொறிக்கும் வழக்கமும் உண்டு. ஆக, என் தாத்தா வண்டியின் ஒரு நட்டில் விக்டோரியா காலத்து மான்செஸ்டரும் இருக்கிறது, ஹிட்லர் காலத்து இரும்புப் பஞ்சமும் இருக்கிறது.

அதோடு முடிந்ததா என்றால் இல்லை. அந்த ஸ்பேனர் எல்லா நட்டுக்கும் போதவில்லை. சில போல்ட்டுகளின் மரை ரொம்பப் பொடியாக இருந்தது. சாதாரண போல்ட்டை அதில் போட்டால் இரண்டு சுற்றிலேயே இறுகிக்கொள்ளும். "அது சைக்கிள் மரை தம்பி" என்றார் பாய். நான் சிரித்துவிட்டேன். 160 கிலோவுக்கு மேல் எடை இருக்கும் வண்டியில் சைக்கிள் மரை எதற்கு?

இந்தக் கேள்விக்கு விடை தேடப் போனபோது கிடைத்ததுதான் எனக்கு இந்தக் கதையிலேயே பிடித்த பகுதி. இங்கிலாந்தில் ரெட்டிச் என்று ஓர் ஊர். அது தையல் ஊசிக்குப் பேர் போன ஊர், நம் சிவகாசி பட்டாசுக்கு மாதிரி. அங்கே ஊசி செய்துகொண்டிருந்த டவுன்சென்ட் என்ற கம்பெனி மெல்ல சைக்கிள் பாகங்கள், பிறகு சைக்கிள் என்று மாறியது. தொழில் தள்ளாடியபோது 1890-களின் தொடக்கத்தில் ஆல்பர்ட் ஈடி, ராபர்ட் வாக்கர் ஸ்மித் என்ற இருவர் கைக்கு வந்தது. லண்டனுக்கு வடக்கே என்ஃபீல்டு என்ற இடத்தில் அரசாங்கத்தின் துப்பாக்கித் தொழிற்சாலை இருந்தது. அதற்குப் பாகங்கள் செய்து தரும் ஒப்பந்தம் இவர்களுக்குக் கிடைத்தது. அந்தப் பெருமையில் தங்கள் சைக்கிளுக்கு ராயல் என்ஃபீல்டு என்று பெயர் வைத்தார்கள். துப்பாக்கி போலச் செய்தது என்ற விளம்பர வாசகமும் அப்போது ஒட்டிக்கொண்டதுதான். என்ஃபீல்டு என்று பெயர் இருக்கிறதே தவிர, வண்டி அந்த ஊரில் செய்யப்பட்டதே இல்லை. முதல் மோட்டார் சைக்கிளை 1901-ல் செய்தார்கள். கம்பெனியின் பெயர் கடைசிவரை என்ஃபீல்டு சைக்கிள் கம்பெனிதான்.

சைக்கிள் குழாய் மெல்லியது, அதில் ஆழமாக மரை வெட்டினால் குழாயே அறுந்துவிடும். அதனால் 1902-ல் இங்கிலாந்தின் சைக்கிள் பொறியாளர்கள் அமைப்பு தனியாக ஒரு பொடி மரையைக் கொண்டுவந்தது. கோணம் 60 டிகிரி, பெரும்பாலும் அங்குலத்துக்கு 26 சுற்று. சைக்கிள் செய்தவர்களே மோட்டார் சைக்கிளும் செய்ததால், கையோடு அதையும் கொண்டுவந்துவிட்டார்கள். அவ்வளவுதான் விஷயம். ஊசிக்காரர்கள் சைக்கிள்காரர்கள் ஆகி, சைக்கிள்காரர்கள் மோட்டார் சைக்கிள்காரர்கள் ஆனதன் தடயம் ஒரு போல்ட்டில் நிற்கிறது. இது தெரிந்த பிறகு மரை சேராதபோது எனக்கு வந்த கோபம் பாதியாகக் குறைந்தது. (மீதிப் பாதி குறையவில்லை. அந்த போல்ட் கடையில் கிடைக்காது, லேத்தில் கொடுத்துத்தான் செய்யவேண்டும், லேத்காரர் அடுத்த வாரம் அடுத்த வாரம் என்று ஒன்றரை மாதம் ஓட்டினார்.)

இப்போது மெட்ராஸ். சுந்தரம் ஐயர் தொடங்கிய மெட்ராஸ் மோட்டார்ஸ் என்ற நிறுவனம் இங்கிலாந்து மோட்டார் சைக்கிள்களை இறக்குமதி செய்து விற்றுக்கொண்டிருந்தது. 1950-களின் தொடக்கத்தில் எல்லையில் ரோந்து போக இந்திய ராணுவத்துக்கு வண்டி தேவைப்பட்டது. புல்லட் தேர்வானது. பின்னால் ஸ்விங் ஆர்ம் சஸ்பென்ஷன் போட்டு 1940-களின் கடைசியில் வந்த மாடல் அது, அன்றைக்கு நவீனமான வண்டி. தொடர்ந்து ஆர்டர் வரவே, இங்கேயே செய்வது என்று முடிவாகி, 1955-ல் ரெட்டிச் கம்பெனியும் மெட்ராஸ் மோட்டார்ஸும் சேர்ந்து என்ஃபீல்டு இந்தியா என்ற கம்பெனியைத் தொடங்கினார்கள். 1956-ல் திருவொற்றியூரில் தொழிற்சாலை. முதலில் பெட்டி பெட்டியாகப் பாகங்கள் வந்தன, இங்கே பூட்டினார்கள். அந்த வருஷம் முடிவதற்குள் 163 வண்டிகள் என்பது கம்பெனியே சொல்லும் கணக்கு. 1957-ல் பாகங்களைச் செய்யும் கருவிகளையே ரெட்டிச்சிலிருந்து வாங்கிவிட்டார்கள். 1962 வாக்கில் எல்லாப் பாகங்களும் இங்கேயே.

இதில் ஒரு வேடிக்கை. 1956-ல்தான் இந்திய நாடாளுமன்றம் எடை அளவுச் சட்டத்தை நிறைவேற்றியது. சேர், மணங்கு, கஜம், அங்குலம் எல்லாம் போய் கிலோ, மீட்டர் வரவேண்டும் என்ற சட்டம். 1957 ஏப்ரலில் அணா போய் நயா பைசா வந்தது. 1958-லிருந்து படிப்படியாக கிலோவும் மீட்டரும் அமலுக்கு வந்தன. நாடே அங்குலத்தை வழியனுப்பிக்கொண்டிருந்த அதே வருஷங்களில், திருவொற்றியூரில் அங்குலத்தில் செய்யும் கருவிகளைப் பெட்டி பிரித்துக்கொண்டிருந்தார்கள்!

முட்டாள்தனம் என்று சொல்லிவிடலாம். நானும் அந்த நான்கு நாளும் அப்படித்தான் சொன்னேன், இன்னும் மோசமாகவும் சொன்னேன். ஆனால் யோசித்துப் பாருங்கள். ஒரு மரையை மாற்றவேண்டுமென்றால் அந்த மரை வெட்டும் டேப்பும் டையும் மாறவேண்டும், அதைப் பிடிக்கும் ஜிக் மாறவேண்டும், வரைபடம் மாறவேண்டும், ராணுவக் கிடங்கில் அடுக்கி வைத்திருக்கும் உதிரி பாகமெல்லாம் வீணாகவேண்டும். புது மெஷினை இறக்குமதி செய்ய அன்னியச் செலாவணிக்கு டெல்லியில் கையேந்தி நிற்கவேண்டும். இத்தனையும் செய்தால் வண்டி ஒன்றுகூட அதிகமாக விற்கப்போவதில்லை. ஏனென்றால் லைசன்ஸ் காலத்தில் செய்தவர்களே ஒருசிலர்தான். மைசூரில் ஜாவா, வடக்கே ராஜ்தூத், இங்கே புல்லட். வாங்குகிறவர் காத்திருப்பார். ராணுவமும் போலீஸும் எப்படியும் வாங்கும். யார் மெனக்கெடுவார்கள்?

அதனால் அங்குலம் நின்றது. ஆனால் முழுசாகவும் நிற்கவில்லை. இன்ஜினுக்குள் பேரிங்குகள் மில்லிமீட்டர், வெளியே நட்டுகள் அங்குலம். சிலிண்டரின் அளவு 70 மில்லிமீட்டர். தேய்ந்துபோன சிலிண்டரைக் குடைந்து பெரிய பிஸ்டன் போடும்போது அந்த பிஸ்டனின் அளவு 20, 40, 60 என்று வரும். அது அங்குலத்தில் ஆயிரத்தில் இத்தனை பங்கு! கடையில் போய் இருபது கேட்டால் அரை மில்லிமீட்டர் பெரிய பிஸ்டனைத் தருவார்கள். எனக்கு நாற்பது தேவைப்பட்டது. துரு அவ்வளவு தின்றிருந்தது. ஒரு கடையில் நாற்பது என்று எழுதிய பெட்டிக்குள் இருபது இருந்தது. அதை போர் அடித்த சிலிண்டரில் இறக்கிப் பார்த்தபோதுதான் தெரிந்தது. திருப்பிக் கொடுக்கப் போனால் பெட்டியைப் பிரித்துவிட்டீர்களே என்றார்கள். விடுங்கள், அந்தப் பணம் போனது போனதுதான்.

இதற்கு நடுவில் சண்டைகளும் உண்டு. கனெக்டிங் ராடின் கீழ்முனையில் இந்த வண்டிக்கு ரோலர் பேரிங் கிடையாது. உலோகப் பூச்சு கொடுத்த ஒரு புஷ், ஆயிலில் மிதந்தபடி சுற்றும். பழைய இங்கிலாந்து முறை. பாய் ரோலர் போட்டுவிடலாம் என்றார், நிறைய பேர் அப்படித்தான் செய்கிறார்கள். நான் மாட்டேன், ஒரிஜினல்தான் வேண்டும் என்றேன். ஆனால் ஹெட்லைட் விஷயத்தில் வெட்கமில்லாமல் பல்டி அடித்தேன். வண்டி 6 வோல்ட். அந்த வெளிச்சத்தில் எங்கள் ஊர் ரோட்டில் போவது சாமி விளக்கைக் கையில் பிடித்துக்கொண்டு போகிற மாதிரி. 12 வோல்ட்டுக்கு மாற்றச் சொல்லிவிட்டேன். "அப்போ இது மட்டும் ஒரிஜினல் வேணாமா?" என்று பாய் கேட்டார். பதில் இல்லை.

அந்தக் கேள்வி அப்போது உறைக்கவில்லை. உறைத்தது பெயிண்டிங்குக்கு முன்னால்.

எனக்கு ஒரு படம் வழிகாட்டி. 1950-களின் ரெட்டிச் புல்லட், கறுப்பு உடம்பு, ஒரு கீறல் இல்லை. அதைப் பெரிதாக பிரிண்ட் எடுத்துக் கொட்டகைச் சுவரில் ஒட்டி வைத்திருந்தேன். அந்தப் படத்தில் இல்லாதது எதுவும் வண்டியில் இருக்கக்கூடாது என்பது என் கொள்கை. அதன்படி ஒவ்வொன்றாகக் கழற்றினேன். வலது பக்கம் தாத்தா வெல்டிங் வைத்திருந்த இரும்புக் கொக்கி, பின்னால் ஒரு கேரியர், ஹாண்டில் பாரில் ஒரு மணி, இடது பக்கம் பின்சக்கரத்தை மறைத்து நின்ற கம்பி வேலியும் அதன் கீழே கால் வைக்கும் பட்டையும். எல்லாம் துரு. இரும்புக்காரரிடம் எடைக்குப் போட்டேன். மொத்தம் 140 ரூபாய். டீயும் பஜ்ஜியும் வாங்கிக்கொண்டு வந்தேன்.

அன்று சாயங்காலம் பாட்டி கொட்டகைக்கு வந்தார். வழக்கமாக வரமாட்டார். வண்டியைச் சுற்றி இடது பக்கம் வந்து நின்றார்.

"ஏண்டா, நான் கால் வச்சுக்குற கம்பி எங்க?"

"அது ஒரிஜினல் இல்ல பாட்டி. பின்னாடி யாரோ மாட்டினது."

"யாரோ என்ன யாரோ? உங்க தாத்தாதான் மாட்டினாங்க. உங்க அத்தை வயித்துல இருக்கறப்ப அதைப் புடிச்சுக்கிட்டுதான் தஞ்சாவூர் ஆஸ்பத்திரிக்குப் போனேன். மழை வேற." கொஞ்ச நேரம் நின்றார். "அது இல்லாம நான் எப்படி ஏர்றது?" என்று கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டார்.

திட்டியிருந்தால் பரவாயில்லை.

மறுநாள் காலை ஆறு மணிக்கே இரும்புக்கடையில் நின்றேன். முந்தின இரவே லாரி ஏற்றிவிட்டார்களாம்.

சேலைக் கம்பி என்று நாம் சாதாரணமாகச் சொல்லும் அந்த வேலி ரெட்டிச் படத்தில் இருக்காதுதான். அங்கே யார் சேலை கட்டிக்கொண்டு ஒரு பக்கமாக உட்கார்ந்தார்கள்? சேலைத் தலைப்பு சக்கரத்திலோ செயினிலோ மாட்டி உயிர் போன கதைகள் நம் ஊர்க் கதைகள். புல்லட்டுக்கு செயின் இருப்பதும் இடது பக்கம், பெண்கள் கால் தொங்கவிட்டு உட்காருவதும் இடது பக்கம். 1989-ல் வந்த மத்திய மோட்டார் வாகன விதிகளில் 123-ஆம் விதி, பின்னால் உட்காருபவருக்குக் கைப்பிடி, கால் வைக்க இடம், பின்சக்கரத்தில் பாதியாவது மறைக்கும் தடுப்பு மூன்றும் வேண்டும் என்கிறது. அந்த விதி வருவதற்கு முன்பே தாத்தா மாதிரி ஆட்கள் வெல்டிங் கடையில் நின்று அதைச் செய்துகொண்டார்கள். இங்கிலாந்து வண்டியை நம் ஊர் வண்டியாக்கியது திருவொற்றியூர் தொழிற்சாலை மட்டும் இல்லை. இந்தக் கம்பியும்தான். நான் அந்தப் பகுதியை மட்டும் கவனமாகத் தேடிப்பிடித்து எடைக்குப் போட்டிருக்கிறேன்.

அன்றைக்குச் சுவரில் இருந்த படத்தை உட்கார்ந்து பார்த்தேன். அது 1950-களின் வண்டி. என்னுடையது 1973. அது ரெட்டிச்சில் செய்தது. இது மெட்ராஸில் செய்தது. இந்த வண்டி எந்த நாளிலும் அந்தப் படத்தைப் போல இருந்ததே இல்லை. இல்லாத ஒன்றுக்குத் திரும்பக் கொண்டுபோக எட்டு மாதம் உழைத்திருக்கிறேன். டேங்கில் ஒட்ட ராயல் என்ஃபீல்டு என்ற பித்தளை எழுத்து வேறு வாங்கி வைத்திருந்தேன். பழைய பெயிண்டைச் சுரண்டியபோது அடியில் தெரிந்தது வெறும் என்ஃபீல்டு மட்டும்தான். ராயல் என்ற சொல் கம்பெனியின் பெயரில் சேர்ந்தது 1990-களின் நடுவில், ஐஷர் குழுமம் கம்பெனியை முழுசாக எடுத்துக்கொண்ட பிறகு.

அந்த ரெட்டிச் தொழிற்சாலையே 1967-ல் மூடப்பட்டுவிட்டது. கடைசியாக வில்ட்ஷயரில் ஒட்டிக்கொண்டிருந்த உற்பத்தியும் 1970-ல் நின்றது. ஜப்பான் வண்டிகள் முன்னால் இங்கிலாந்துக் கம்பெனிகள் ஒவ்வொன்றாகச் சரிந்த காலம் அது. அப்பன் போன பிறகும் பிள்ளை அதே சட்டையைப் போட்டுக்கொண்டு திருவொற்றியூரில் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தது. 1977-ல் மெட்ராஸ் புல்லட் இங்கிலாந்துக்கே ஏற்றுமதி ஆனது. இன்றைக்கு ரெட்டிச் புல்லட்டைப் புதுப்பிக்கும் இங்கிலாந்துக்காரர்களில் பலர் இந்தியப் பாகங்களைத்தான் வாங்கிப் போடுகிறார்கள். அளவு மாறாமல் அங்குலத்திலேயே நின்றதால் அது பொருந்துகிறது. நான் நான்கு நாள் திட்டிய அதே பிடிவாதம் அவர்களுக்கு வரம்.

இங்கேயும் காலம் நின்றுவிடவில்லை. 1984, 85-ல் இண்ட் சுசூகி, ஹீரோ ஹோண்டா, ஆர்.எக்ஸ். 100 எல்லாம் வந்ததும் புல்லட் தேய ஆரம்பித்தது. 2000 வாக்கில் மூடிவிடலாமா என்று யோசிக்கும் நிலைமை. பிறகு மீண்டதும், இடது கால் கியர் வந்ததும், 2010-க்குள் பழைய வார்ப்பிரும்பு இன்ஜின் நின்றுபோனதும் எல்லோருக்கும் தெரிந்த கதை. வலது கால் கியர், இடது கால் பிரேக், குதிகாலால் அழுத்தினால் நியூட்ரல் விழும் தனி லீவர் எல்லாம் தாத்தா வண்டியோடு சரி.

சேலைக் கம்பியை மறுபடி செய்தோம். 1984-ல் ஒரு சொந்தக்காரர் கல்யாணத்தில் எடுத்த போட்டோவில் மாப்பிள்ளைக்குப் பின்னால் பாதி வண்டி தெரிந்தது. அதைப் பார்த்து வெல்டிங் கடை அண்ணன் வரைந்தார். பாட்டியை நாற்காலியில் உட்காரவைத்துக் கால் எட்டும் உயரத்தை அளந்தோம். முதல் தடவை செய்தது கால் பட்டை இரண்டு விரல் உயரம் அதிகம், அறுத்து மறுபடி வைத்தார். "உங்க தாத்தா வச்சது ஒரு தடவையில சரியா இருந்துச்சு" என்றார் பாட்டி.

பதினோராம் மாதம் ஸ்டார்ட் செய்தோம். முறை பாய் சொல்லிக்கொடுத்தது. சாவியைத் திருப்பி, கிக்கரை மெதுவாக அழுத்தவேண்டும். ஹெட்லைட் மேல் இருக்கும் ஆம்பியர் மீட்டரின் முள் மைனஸ் பக்கத்திலிருந்து நடுவுக்கு வரும். பாயிண்ட் திறக்கும் இடம் அது. அங்கே நிறுத்தி, டிகம்ப்ரசரைப் பிடித்து இன்னும் கொஞ்சம் தள்ளி, விட்டு, கிக்கரை மேலே கொண்டுவந்து ஒரே உதை. தாத்தாவின் கால் அளவுக்கு என் கால் பழகவில்லை. பதினான்கு உதை, ஒன்று திருப்பி அடித்துக் கணுக்காலில் காயம். பதினைந்தாவதில் நீலப் புகையைக் கொட்டகை முழுக்கக் கக்கிவிட்டு, அணைந்துவிடுமோ என்று நினைக்கும் இடைவெளி விட்டு விட்டு, அடிக்க ஆரம்பித்தது. அப்பா வாசலில் நின்று பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. போனை எடுத்து அத்தைக்கு வீடியோ கால் போட்டார்.

ஆர்.சி. புதுப்பிக்கும் வேலை இன்னும் பாக்கி, அதனால் எங்கள் சந்தைத் தாண்டி ஓட்டுவதில்லை. பாட்டி இதுவரை ஏறி உட்கார்ந்து மட்டும் பார்த்தார்.

போன வாரம் அந்தச் சேலைக் கம்பி கொஞ்சம் அதிர்ந்தது. முறுக்கலாம் என்று பாயின் பழைய ஸ்பேனரைப் போட்டேன், ஆடியது. அப்புறம்தான் ஞாபகம் வந்தது, வெல்டிங் கடை அண்ணன் கையிலிருந்த சாதாரண 8 எம்எம் போல்ட்டைப் போட்டுத்தான் மாட்டினார். ஹாஸ்டல் நண்பனுக்கு இன்னும் திருப்பிக் கொடுக்காத அந்த செட்டை எடுத்து வந்தேன். வண்டியில் 13-ஆம் நம்பர் கச்சிதமாக உட்காருகிற ஒரே இடம் அதுதான்.